கார்ட் என்றொரு சொல்

மேடவாக்கம் அடுக்குமாடியில் ஹான் வீட்டு மணியை எப்சி அழுத்தினாள். ஒரகடம் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருக்கும் அந்தக் கொரியருக்குக் காலை நேரங்களில் அவள் ஆங்கிலம் சொல்லித்தருகிறாள். வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் தம்பி ஆல்வின். அவன் அதே தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். நேற்று மதியம் அந்த மெஷின் அவன் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

கதவைத் திறந்த ஹான் "சாரி" என்று தலை குனிந்தார். தூங்காத முகம். பத்து மணிக்கு மீட்டிங், அங்கே பேச ஒரு சொல் வேண்டும் என்றார். "போஹோ" என்றார் கொரிய மொழியில். பாதுகாப்பு. மெஷினுக்குள் கை போகாமல் தடுக்குமே ஒரு மூடி, அதற்கு ஆங்கிலத்தில் என்ன?

"கார்ட்."

"கார்ட்? வாட்ச்மேன்?"

"மனுஷனுக்கும் அதேதான் சார்."

"கார்-டு," என்று அவர் இழுத்தார். கடைசியில் உகரம் வேண்டாம், நாக்கை அங்கேயே நிறுத்துங்கள் என்று திருத்தினாள். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அப்போது போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா.

"எப்சி, கம்பெனி ஆளு வந்து நிக்கிறாருடி. மூடியை ஆல்வினே கழட்டினான்னு அவரே எழுதி எடுத்துட்டு வந்து கையெழுத்து போடுன்றாரு. எந்தக் கையால போடுவான்? அந்த சாரைக் கேளுடி. கால்ல விழுந்தாவது கேளு."

போன வாரம் சாப்பிடும்போது ஆல்வின் சொன்னது நினைவுக்கு வந்தது. "கார்டைக் கழட்டிட்டாங்கக்கா. அது இருந்தா ஸ்பீடு வரலன்னு ஹான் சார் ஆர்டர். பயமா இருக்கு."

எப்சி நாற்காலியை இழுத்து அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"வாக்கியமா சொல்லிப் பழகுங்க சார். மெஷினில் கார்ட் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் தடுமாறாமல் திருப்பிச் சொன்னார். இந்த முறை நாக்கு சரியாக நின்றது.

"அடுத்தது. நாங்கள் கழற்றினோம்."

ஹான் நிமிர்ந்து பார்த்தார். "ஹீ," என்றார் மெல்ல. அவன்.

"வீ," என்றாள் எப்சி. நாங்கள். அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழே வந்தது. "சொல்லுங்க சார். எங்களுக்கு வேற யாரும் இல்ல."

கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் ஒலி விடாமல் கேட்டது. ஹானின் உதடுகள் 'வீ' என்ற சொல்லுக்காகக் குவிந்தன. சத்தம் வரவில்லை. குவிந்தபடியே நின்றன.