கூட்டாஞ்சோற்றுக்கு விறகு

திருத்தணியை மதராஸ் வாங்கிக்கொண்டு, சத்தியவேட்டை ஆந்திராவுக்குக் கொடுத்த வருஷம் அது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள் மாதிரி இரண்டு சர்க்காரும் திருப்தியாக இருந்தன. போகிற பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கோவர்த்தனன் வாத்தியாருக்குத்தான் ஆறாத கோபம். சத்தியவேட்டை ஒட்டிய கிராமத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர் அவர். எங்கே கூட்டம் போட்டாலும் போய், "நம்மள ஒதுக்கிட்டாங்க" என்று தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு வருவார். பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒதுக்கினால் வலிக்கும் என்பதை மனிதர் அந்த வருஷம்தான் கண்டுபிடித்திருந்தார்.

கண்டுபிடித்ததை வகுப்பில் கதையாகச் சொன்னார். காட்டில் மிருகங்கள் சேர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்கின. குருவி அரிசி கொண்டுவந்தது, அணில் பருப்பு, முயல் கத்தரிக்காய், குரங்கு புளி. முள்ளம்பன்றி ஆசையாக வெல்லம் கொண்டுவந்தது. "உன் முள்ளு சோத்துல விழும், போ" என்று அதைத் துரத்திவிட்டார்கள். அது புதரோரம் உட்கார்ந்து அழுதது. கடைசியில் எல்லோரும் மனம் திருந்தி, அதைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். சொல்லி முடிக்கும்போது வாத்தியாருக்கே கண் கலங்கிவிட்டது.

"முள்ளம்பன்னி யாரு? நம்ம சத்தியவேடு!" என்றார். "சத்தியவேடு சார்" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

கன்னியம்மாளுக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, அதிலும் நடுவில் உட்காரவைத்த இடம். அவள் ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சேரிப் பெண்; வகுப்பில் கதவோரம் அவளுக்கு மட்டும் தனிப் பலகை. ஒரே சிநேகிதி இந்திராணி, நிலபுலன் உள்ள ஊர்த்தெரு வீட்டுக்காரி. வரப்பில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வருவார்கள். தெருமுனை வந்ததும் இந்திராணியின் கை தானாகக் கழன்றுகொள்ளும். எல்லைக் கமிஷன் எதுவும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கதையை நடத்திக் காட்டினால் மனதில் பதியும் என்று, சனிக்கிழமை மாந்தோப்பில் கூட்டாஞ்சோறு ஆக்க ஏற்பாடு செய்தார் வாத்தியார். ஆளுக்கொரு சாமான். "இந்திராணியாண்ட குந்திக்கினு துன்னணும் நைனா" என்று அப்பனை நச்சரித்து, கன்னியம்மாள் ஒரு படி அரிசி வாங்கி வந்திருந்தாள். வாத்தியார் அதைப் பார்த்ததும் அவருக்குக் கருணை பொங்கியது.

"உனக்கு எதுக்கும்மா செரமம்? அரிசிய ஊட்டுக்கே எடுத்துக்கினு போ. நீ வெறகு கொண்டா, போதும்."

விறகுக்குத் தீட்டு இல்லை என்பது ஊர்ச் சட்டம். யார் பொறுக்கினாலும் நெருப்பு சுத்தம் செய்துவிடுமாம். அரிசியும் அதே நெருப்பில்தான் வேகிறது. ஆனால் அரிசி விஷயத்தில் நெருப்புக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது போலிருக்கிறது.

கன்னியம்மாள் ஒரு கட்டு விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். உலை கொதித்தது. நிழலில் வரிசையாக இலை போட்டார்கள். வேலியோரம் தனியாக ஒரு இலை. கன்னியம்மாள் தானாகவே போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

சோறு வேகிற நேரத்தை வீணாக்காமல் வாத்தியார் பாடத்துக்கு வந்தார். "முள்ளம்பன்னி ஏன் அழுதுச்சு?"

இந்திராணி எழுந்தாள். "சேத்துக்கல சார், அதான்."

"பலே!" என்றார் வாத்தியார். எல்லோரும் கைதட்டினார்கள். வேலியோரத்திலிருந்து கன்னியம்மாள் கை தூக்கினாள்.

"சார், அந்தக் காட்டுல அடுப்புக்கு வெறகு யாரு கொண்டாந்தாங்க?"

வாத்தியார் யோசித்தார். குருவி, அணில், முயல், குரங்கு... அந்த வேலைக்கு அவர் யாரையும் வைத்திருக்கவில்லை. "வெறகு இன்னா பெரிய விஷயம்? காட்டுல தானா கெடக்கும்."

"கெடக்கும் சார். அடுப்பாண்ட தானா நடந்து வருமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். "கதைக்குக் காலில்ல, கொழுக்கட்டைக்குத் தலையில்ல. குந்து" என்று வாத்தியார் பழமொழிக்குள் புகுந்து தப்பித்தார்.

கன்னியம்மாள் உட்காரவில்லை. நேரே அடுப்புக்குப் போனாள். எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, மண்ணில் அடித்து அணைத்தாள். மிச்சத்தோடு சேர்த்துக் கொடியால் கட்டினாள். உலை அடங்கிப்போனது, அரிசி பாதிதான் வெந்திருந்தது.

"ஏய், ஏய், இன்னா செய்யற? புடிங்கடா அவள!" என்று வாத்தியார் கத்தினார். பிடிப்பதென்றால் தொட வேண்டும். சத்தியவேட்டுக்காக உயிரையே கொடுப்பதாகக் கூட்டத்துக்குக் கூட்டம் சத்தியம் செய்பவர், இரண்டடி தள்ளி நின்று கையை மட்டும் ஆட்டினார்.

"வேற வெறகு தானா வரும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

தோப்பின் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. இந்திராணி. கன்னியம்மாளுக்கு நெஞ்சு துள்ளியது. நின்றாள், திரும்பினாள்.

"வெறகப் போட்டுட்டுப் போடி" என்றாள் இந்திராணி. "பசிக்குது."

"போகாதடி" என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விறகை மொத்தமாக அடுப்படியில் போட்டுவிட்டு, வேலியோரத்து இலையிலேயே உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பாள் கன்னியம்மாள்.