பருப்புக்குள் ஒரு தம்ளர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மனைவி குளியலறைத் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் கேட்டபோதுதான் மாஸ்டருக்குப் பலசரக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது மணிக்கு அக்கா வருகிறாள். கடை திறப்பதோ பத்து மணிக்கு.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் என்பதால் தெருவே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எதிரே வரும் ஆபத்தை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று தினமும் எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பவன், சொந்த வீட்டில் சர்க்கரை தீர்வதை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை.

அக்கா ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். முப்பத்திரண்டு வருட சர்வீஸ். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள். விடுதி அறையைக் காலி செய்தாக வேண்டும். அவளுடைய தோழி ஒருத்தி, நூலகத்தில் வேலை பார்ப்பவள், "என் வீட்டுக்கு வந்துடேன்" என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவும் போவதாகத்தான் இருந்தாள். ஆனால் போன மாதம் தம்பி வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கொஞ்சம் உப்பு கேட்டாள். வீட்டில் உப்பு இல்லை.

"உப்பைக் குறைச்சா உடம்புக்கு நல்லதுக்கா" என்று சமாளித்துப் பார்த்தான் மாஸ்டர்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "அடுத்த தடவை வந்து டப்பா டப்பாவா பார்ப்பேன். ஏதாவது ஒண்ணு தீர்ந்து கிடந்துது, பெட்டியைத் தூக்கிக்கிட்டு இங்கயே வந்துடுவேன். உங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்."

கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தது ஒரே படுக்கையறை. சமையலறையில் இரண்டு பேர் உரசிக்கொள்ளாமல் திரும்ப முடியாது; அதை அவர்கள் இதுவரை ஒரு குறையாக நினைத்ததில்லை. இதில் கூடத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டு, காலை ஐந்து மணிக்குக் கைதட்டி எழுப்பும் பழக்கமுள்ள அக்கா குடியேறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இருவருக்கும் பயமாக இருந்தது.

மனைவி ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன். எதையும் அளந்து பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. மறுநாளே எல்லாக் கண்ணாடி டப்பாக்களின் பக்கவாட்டிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டாள்.

"சரக்கு இந்தக் கோட்டுக்குக் கீழ போனா வாங்கணும். பார்க்கறது நான், வாங்கறது நீங்க. சரியா?"

"சரி டாக்டர்" என்று சல்யூட் அடித்தான் மாஸ்டர். அடித்ததோடு சரி. உப்பு மட்டும், பட்ட அவமானத்தில், ஐந்து பாக்கெட் வாங்கிப் போட்டான்.

இப்போது அலமாரியைத் திறந்து பார்த்தான். அரிசி, பருப்பு, சர்க்கரை, தேயிலை, மாவு, சலவைத்தூள் என்று ஆறு டப்பாவும் கோட்டுக்குக் கீழே. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். மாஸ்டரின் கண் பாத்திர மேடையில் கவிழ்த்து வைத்திருந்த ஆறு தம்ளர்கள் மேல் போய் நின்றது.

பருப்பை ஒரு தட்டில் கொட்டினான். டப்பாவின் நடுவில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வைத்து, மேலே பருப்பைத் திரும்பக் கொட்டினான். பருப்பு கம்பீரமாகக் கோட்டைத் தாண்டி எழுந்து நின்றது. தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது. தலை துவட்டிக்கொண்டு மனைவி வெளியே வந்தபோது ஆறு டப்பாவும் நிறைந்திருந்தன.

"நேத்தே வாங்கி வச்சிருந்தீங்களா!" என்றாள் அவள், கண்களை நம்ப முடியாமல்.

"பின்ன? என்னை என்னன்னு நெனச்ச?"

ஒன்பதடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போனாள். கோட்டுக் கணக்கை மனைவி விளக்கியதும், ஒவ்வொரு டப்பா முன்னாலும் குனிந்து, கோட்டுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"ம். எல்லாம் இருக்கு" என்றாள், யாரோ எதையோ பறித்துக்கொண்ட குரலில். "அப்ப நான் இங்க வர வேண்டிய அவசியமில்ல. சரி, ஒரு டீ குடிச்சுட்டுக் கிளம்பறேன்."

மாஸ்டர் மூச்சு விட்டான். அந்த மூச்சு பாதியில் நின்றது.

"ஏங்க, தம்ளர் எல்லாம் எங்க?"

"தம்ளரா? நம்மகிட்ட இருந்துதா என்ன?"

"என்னங்க விளையாடறீங்களா? ஆறு இருந்துதே!"

"கிண்ணத்துல குடு. இப்பல்லாம் கிண்ணத்துல குடிக்கறதுதான் ஸ்டைல்."

"எனக்கு ஸ்டைல் வேணாம், சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும்" என்று அக்காவே டப்பாவைத் திறந்து ஸ்பூனை விட்டாள். உள்ளே 'டங்' என்றது.

அக்கா இன்னொரு முறை குத்திப் பார்த்தாள். டங். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டு ஒரு தம்ளரை வெளியே எடுத்தாள். கோட்டுக்கு மேலே இருந்த சர்க்கரை சரசரவென்று இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அடப்பாவி" என்றாள். அடுத்து பருப்பிலிருந்து ஒன்று. அரிசியிலிருந்து ஒன்று. மாவிலிருந்து வந்தது பேய் மாதிரி வெள்ளையாக இருந்தது. சலவைத்தூளிலிருந்து எடுத்ததைக் கழுவக் கழுவ நுரை தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்தது.

"ஏங்க... வாங்கிட்டேன்னு சொன்னீங்க?"

"வாங்கிட்டேன்னு நான் எங்க சொன்னேன்? நீ கேட்ட, நானும் திருப்பிக் கேட்டேன்."

"கொஞ்சம் இரு" என்று அக்கா பருப்பு டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். "இந்தக் கோட்டுக்கு மேல சுரண்டின தடம் ஒண்ணு இருக்கு. அதுக்கும் மேல இன்னொண்ணு. அதுக்கும் மேல ஒண்ணு. ஏம்மா, என்ன இது? ஏரியில தண்ணி வத்தின மாதிரி கோடு இறங்கிக்கிட்டே வந்திருக்கு?"

மனைவி தரையைப் பார்த்தாள். காது சிவந்துபோயிருந்தது. "அது வந்து அண்ணி... இவர் வாங்க மறக்கும்போதெல்லாம் நான்தான் கோட்டை அழிச்சுக் கொஞ்சம் கீழ போட்டேன்."

"நீயுமா!" என்றான் மாஸ்டர்.

"நீங்க பேசாதீங்க!"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆக, இந்த வீட்டுல பருப்பு ரெண்டு பிடி, சர்க்கரை நாலு ஸ்பூன், பொய் மட்டும் மூட்டை மூட்டையா இருக்கு. ஏண்டி, கோட்டை ஏன் இறக்கின?"

"ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் அண்ணி இவர் தூங்கறார். மத்த நாளெல்லாம் யாராவது இவரை மரத்துல கொண்டுபோய் மோதறாங்க. எழுப்பி கடைக்கு அனுப்ப மனசு வரல. நீங்க பார்த்தா இவரைத் திட்டுவீங்களேன்னு..."

"நீ ஏண்டா தம்ளரைப் புதைச்ச?"

"வாங்காதது நான்தான். ஆனா டப்பா காலியா இருந்தா நீ அவளைத்தானே கேப்ப? 'வீட்டுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு பார்க்க மாட்டியா'ன்னு."

அக்கா அப்படித்தான் கேட்டிருப்பாள். உண்மையில் அந்தக் கேள்வியை வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தாள்.

"முப்பத்திரண்டு வருஷத்துல எத்தனையோ பொண்ணுங்களைக் கையும் களவுமா பிடிச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். "முதல் கேள்விலயே பக்கத்துல நிக்கறவளைக் கை காட்டிடுவாங்க. அப்படிக் காட்டினாதான் எனக்கு விசாரிக்கத் தெரியும். நீங்க ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறதுக்குத் திருட்டுத்தனம் பண்றீங்க. இந்த மாதிரி கேஸை நான் பார்த்ததே இல்ல. இங்க வந்து நான் என்ன பண்ண?"

"அப்ப நீங்க வரலையா அண்ணி?" மனைவியின் குரலில் இருந்த ஆசையை மறைக்க வீட்டில் எந்த டப்பாவும் போதாது.

"வந்தா ஒரே மாசத்துல நானும் தம்ளர் புதைக்கக் கத்துக்குவேன். வேணாம்மா. கை வச்சாலும் திருந்தாத வீடு இது."

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்து நூலகத் தோழியைக் கூப்பிட்டாள். முகத்தில் கொஞ்சம் சோகம் இருந்தது. ஒரு வீட்டை ஒழுங்கு செய்யலாம் என்று இருந்தவளுக்கு அது கை நழுவிப்போன சோகம்.

"நான்தான். உன் வீட்டுக்கே வந்துடறேன். ஆமா, முடிவு பண்ணிட்டேன்... இரு இரு, சும்மா ஒண்ணு கேக்கறேன், உன் வீட்டுல சர்க்கரை எவ்வளவு இருக்கு?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரியாதா? தெரியாதுன்னா எப்படி? எந்த டப்பால எது இருக்குன்னே தெரியாதா?"

தம்பி வீட்டுக்குள் வந்ததிலிருந்து முதல் முறையாக அக்காவின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, மாவு படிந்த கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணையும் தொடாத. எல்லாத்தையும் எடுத்துத் தரையில வரிசையா வை" என்றாள் போனில். "மாசக் கடைசி வரைக்கும் என்ன காத்திருக்கறது? இப்பவே கிளம்பி வர்றேன்."