எழிலரசி எடுக்க மறுத்த வரி

1

இந்தக் கதையை ஒரு கல்யாணப் பத்திரிகையிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2005-இல் ஆம்பூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எழிலரசி என்ற பெண் தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே ரூல் போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். பிள்ளையார் சுழி, முகூர்த்த நேரம், எல்லாம் சரி. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே, உற்றார் உறவினர் வரவேண்டிய இடத்தில், ஒரே ஒரு வரி: 'மணமக்கள் இருவரும் உறுப்பினராக உள்ள கைத்துணை எச்.ஐ.வி. உள்ளோர் சங்கம், வேலூர்.'

"இந்த வரி தப்பா இருக்கும்மா" என்றேன்.

"இன்னா தப்பு சார்? உள்ளோருக்குப் பெரிய 'ற' போடணுமா?"

பேனாவை மூடி வைத்தேன். வரி அப்படியே அச்சானது.

2

தொடக்கங்கள் சில:

'எழிலரசியின் முதல் கணவன் இறந்த அன்று வானமும் அழுத—' அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

'கொடிய நோயின் பிடியில் சிக்கிய ஓர் அபலையின்—' இதை எழுதும்போதே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடித்தேன். (இரண்டு முறை அடித்தேன். பேனா தாளைக் கிழித்தது.)

ஆகவே இப்படி: மாதக் கூட்டத்தில் எழிலரசி கையைத் தூக்கினாள்.

அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான்காவது லைனில் தைக்கிறவள். வயது இருபத்தொன்பது. நான்கு வருடம் முன்பு கணவன் போனபோது, அவளுக்கும் கிருமி இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தது. மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு பஸ் ஏறி வேலூர் போவாள். சங்கத்தில் எல்லோருக்கும் அதே கிருமி. கூட்டத்தை நடத்தும் ஜெனிஃபாவுக்கும்தான். எந்த மாத்திரை குமட்டுகிறது, எந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார் என்று பேசி, கலையும் நேரத்தில் ஜெனிஃபா வழக்கம்போல், "வேற எதுனா இருக்கா?" என்றாள்.

"இருக்குதுக்கா. எனக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்."

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவி, அறையே குலுங்கி, ஒருத்திக்குப் புரையேறி, தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டி, எல்லாம் அடங்கிப் பார்த்தால் இன்னும் ஆறு கைகள் மேலே நின்றன.

"அடப்பாவிங்களா, இத்தினி நாளா மாத்திரையப் பத்தியே பேச வச்சீங்களே!" என்றாள் ஜெனிஃபா.

3

அடுத்த மாதமே வரன் பார்க்கும் கூட்டம். ஜாதகம் யாரும் கொண்டுவரவில்லை. சிடி4 ரிப்போர்ட் கொண்டுவந்தார்கள்.*

(* ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் எத்தனை என்ற கணக்கு. ஏறினால் சந்தோஷம். சங்கத்தில் அதைப் பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி விசாரிப்பார்கள்.)

எழிலரசி எதிரில் வந்து உட்கார்ந்தவன் கோதண்டபாணி. ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ஓடும் வண்டியைத் துரத்தி இட்லி விற்கிறவன். ரயில் நிற்கும் இரண்டு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிப் பழகியவன்.

"பேரு கோதண்டபாணி வயசு முப்பத்திரெண்டு மொதல் சம்சாரம் தவறிட்டாங்க கொழந்த இல்ல சாம்பார் நானே வைப்பேன் உங்களுக்கு எவ்ளோ?"

"நானூத்தி இருபது. உங்களுக்கு?"

"எரநூத்தி எண்பது." குரல் இறங்கியது. "ஆனா ஏறிக்கினு இருக்குது."

"கணக்குல நான் உங்களவிட ஜாஸ்தி. பரவால்லியா?"

"எங்க வூட்ல எல்லாரும் என்னவிட ஜாஸ்திதாங்க."

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். கோதண்டபாணி கொஞ்சம் அதிகமாகவே நல்லவனாக வருகிறான், வாசகர் நம்பமாட்டார். ஒரு குறை வேண்டும் என்று எழிலரசியிடமே கேட்டேன். "வயசு பொய் சார். முப்பத்தாறு. தூக்கத்துல 'இட்லி இட்லி'ன்னு கத்துவாரு. போதுமா?" போதும்.)

4

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், மண்டப மேலாளர் பத்திரிகையின் அந்த வரியைப் படித்துவிட்டார். மண்டபத்தில் திடீரென்று வெள்ளையடிக்கும் வேலை வந்துவிட்டது.

அன்று மாலை, சங்கத்தின் மாடிப்படியில், கோதண்டபாணி முதல்முறையாக மெதுவாகப் பேசினான். "அந்த வரிய எடுத்துட்டு வேற பத்திரிகை அடிச்சிரலாமா? உன் கம்பெனிக்கு வேற குடுக்கணும்னு சொல்ற. வேலைய வுட்டுத் தூக்கிட்டா?"

எழிலரசி அதை நினைத்துத் தூங்காமல் இருந்தவள்தான். வேலை போனால் வேறு வழி தெரியாது. கம்பெனியில் யாரிடமும் அவள் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆனால் பக்கத்து மிஷின் சம்பூர்ணம், ஐந்து வருடம் அவளோடு குழம்பு மாற்றிச் சாப்பிட்டவள், எழிலரசியின் கணவன் செத்த மாதத்திலிருந்து டப்பாவைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "வயித்துல அல்சர்டி" என்றாள். அந்த அல்சர் நான்கு வருடமாக ஆறவில்லை.

"எடுக்கலாம்" என்றாள் எழிலரசி. "எடுத்தா, மாப்ள யாரு, எப்படிப் பழக்கம், எங்க பாத்தேன்னு நாப்பது பேரு கேப்பாங்க. நாப்பது பொய் சொல்லணும். எனக்கு அவ்ளோ ஞாபகசக்தி கெடையாதுங்க."

அவன் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. பிறகு அவளும் சிரித்தாள்.

ஜெனிஃபாவுக்குத் தெரிந்த தோல் வியாபாரி முக்தார் அகமது, காலியாகக் கிடந்த தன் குடோன் சாவியைக் கல்யாணத்துக்குக் கொடுத்தார். "ஃபேன் இருக்கு, தண்ணி இருக்கு. நாத்தத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லம்மா."

முன்பு உப்புத் தோல் அடுக்கிவைத்திருந்த குடோன். சங்கத்துப் பெண்கள் இரண்டு நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். பினாயில் ஊற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். கடைசியில் பினாயில், சாம்பிராணி, தோல் மூன்றும் சேர்ந்து முன்னைவிட வேறு விதமாக நாறியது. பினாயிலில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள்; தூக்கப் போன இருவரும் விழுந்தார்கள்; மூவரும் எழ மறுத்துத் தரையிலேயே கிடந்து சிரித்தார்கள்.

5

சாப்பாட்டு மணி அடித்ததும் எழிலரசி நான்காவது லைனில் நாற்பது பத்திரிகை கொடுத்தாள். கடைசி வரியைப் படிக்கும்வரை ஒவ்வொருத்தி முன்னாலும் நின்றாள். சூப்பர்வைசர் துரைசாமி படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். "திங்கக்கிழமை லீவா?" என்றார். "ஆமா சார்." "செவ்வாய்க்கிழமை வந்துரு. ஏற்றுமதி ஆர்டர் இருக்கு."

அவ்வளவுதான். வேலை நின்றது. அதாவது நிலைத்து நின்றது.

(பிழை திருத்துபவன் புத்தி. மன்னியுங்கள்.)

கல்யாணத்துக்கு நாற்பது பேரும் வந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். பொய் பல்லிளித்தது. ஒருவரும் வரவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய், தவிர, என்னால் தாங்க முடியவில்லை.

பதினோரு பேர் வந்தார்கள். தாலி கட்டி முடிந்த பிறகு, பட்டுப்புடவையில், வாசலிலேயே கொத்தாக நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தி, "இன்னா நாத்தம்டி இது, நம்ம கம்பெனியே தேவலை போலக்குது!" என்றாள். மாப்பிள்ளைதான் முதலில் வெடித்தான். பிறகு யார் யாருக்காகச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் கேட்டு எழுதியது. எனக்கும் பத்திரிகை கொடுத்தாள். நான் போகவில்லை. அன்று எனக்கு ஜுரம் என்று எழுதலாம் என்று— இல்லை. ஜுரம் இல்லை.

6

பந்தி. பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். ஒரு நிமிடம் தோல் வாசனை தோற்றுப்போனது. எழிலரசி மாலையைக் கழற்றாமல், தன் கையாலேயே தட்டெடுத்து, பிரியாணி போட்டு, கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் ஓரத்தில் வைத்து, பதினோரு பேரில் ஒருத்தி முன்னால் வைத்தாள்.

அது சம்பூர்ணம்.

சம்பூர்ணம் தட்டைப் பார்த்தாள். தட்டை வைத்த கையைப் பார்த்தாள். மருதாணி விரலில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

அடுத்து என்ன நடந்தது என்று எழிலரசி எனக்குச் சொன்னாள். எழுதியும் வைத்தேன். அடித்துவிட்டேன். அன்றைக்கு வராதவனுக்கு அந்த வரியை எழுத உரிமை இல்லை. நீங்கள் எழுதலாம். வாருங்கள், சம்பூர்ணத்தின் நாற்காலியில் உட்காருங்கள். பக்கத்தில் பத்துப் பேர் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். தட்டிலிருந்து ஆவி வருகிறது. கல்யாணப் பெண் எதிரிலேயே நிற்கிறாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"இன்னா பாத்துக்கினே கீற? ஆறிடப் போவுது."