பானட் மேல் ஸ்டெப்னி

எங்கள் பட்டறையில் எனக்குப் பெயர் ஸ்டெப்னி. பெயின்டர் வராத நாளில் பெயின்ட் அடிப்பேன், வெல்டர் வராத நாளில் வெல்டிங் வைப்பேன். மற்ற நாளில் நான் அங்கே இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. பெயர் வைத்தவர் பட்டறை முதலாளி, அதாவது என் அக்கா புருஷன். அதற்காக நான் அதுவரை கோபப்பட்டதே இல்லை. என்னைக் கொதிக்க வைத்தது நிஜ ஸ்டெப்னி.

மாட்டு டாக்டரம்மாவிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. மலைப்பாதையில் உள்ள தொழுவங்களுக்கெல்லாம் அதில்தான் போய்வருவார். ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டார். கீழ்த்தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார். கேட்டது அவ்வளவுதான்.

மாமாவிடம் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் உண்டு. அந்த ஜீப்பை எந்தெந்த நாட்டுக்கு எப்படிச் செய்து அனுப்பினார்கள் என்று படத்தோடு போட்டிருக்கும். ஒரு நாட்டுக்குப் போனதில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். இன்னொன்றில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூட்டை முடிச்சு ஏற்றுகிற நாடுகளுக்குப் பின்பக்கம் காலியாக வேண்டுமே என்று தூக்கி பானட் மேலேயே வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா வண்டியின் சேஸிஸ் நம்பரை மாமா அதில் தேடினார். அது பானட் ரகம். பின்கதவுக்கு யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

"எவனோ ஒரு அறிவுகெட்டவன் ஒரிஜினலக் கெடுத்து வெச்சிருக்கான் மாப்ள," என்றார்.

பெயின்டைச் சுரண்டினால் பானட்டில் நாலு ஓட்டை அடைத்த தடம். அடைத்தவன் அறிவுகெட்டவன் இல்லை. வெல்டிங் அவ்வளவு சுத்தம். காரணம் இல்லாமல் ஒருவன் அப்படி மெனக்கெட மாட்டான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. தெரிந்தும், மாமா சொன்னார் என்று நாலையும் நானே டிரில் போட்டுத் திறந்து, ஸ்டெப்னியை பானட் மேல் ஏற்றி மாட்டினேன். நினைத்தால் இன்னும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. பின்கதவில் ஸ்டெப்னியைத் தாங்கிய இரும்புச் சட்டத்தைப் பழைய இரும்புக் கடையில் போடச் சொன்னார். அதை மட்டும் போடாமல் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

டாக்டரம்மா வந்து சீட்டில் உட்கார்ந்தார்.

"எனக்கு டயர்தான் தெரியுது," என்றார்.

"அதுதான் இந்த வண்டிக்கு அழகே," என்றார் மாமா.

"ரோடு தெரியல."

"பழகிடும் டாக்டரம்மா. வேணும்னா ஒரு தலகாணி போட்டு உட்காருங்க."

தலையணை போட்டால் கிளட்சுக்குக் கால் எட்டவில்லை. கால் எட்டுகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தால் மறுபடியும் டயர். மேட்டில் ஏறும்போது பானட் இன்னும் நிமிரும். "கன்னுக்குட்டி குறுக்க வரும், யாராவது குனிஞ்சு விறகு பொறுக்கிட்டிருப்பாங்க. நான் ஏத்திட்டேன்னா?" என்று கேட்டார். பழையபடி பின்னால் மாற்றித் தரச் சொன்னார். அந்தப் பாவத்தை என் கையால் செய்ய மாட்டேன் என்றார் மாமா. பாவமாம்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அடுத்தவர் வண்டியில் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டதற்குப் பெயர் புண்ணியமா?

இரண்டு வாரத்தில் மூன்று தடவை நடையாய் நடந்தார் அந்த அம்மா. மூன்று தடவையும் மாமா புத்தகத்தைத்தான் விரித்தார். மூன்றாவது தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, அதுல வண்டி ஓட்டுற ஆள் படத்தப் பாருங்க. தலை கூரையில இடிக்குது. டாக்டரம்மா அவ்ளோ உயரமா?"

"உனக்கென்னடா தெரியும்? ஸ்டெப்னி ஸ்டெப்னியா இரு."

அன்றைக்குத்தான் அந்தப் பெயர் எனக்குச் சுட்டது.

மறுநாள் காலை டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். மேலே ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறதாம். எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வண்டியைக் கொடுங்கள் என்றார். மாமாவுக்கு வாயெல்லாம் பல். கடைசியில் ஒரிஜினல் ஜெயித்துவிட்டதல்லவா? தானே போய் வாசல் கேட்டைத் திறந்தார். எங்கள் கேட்டில் வலது கதவு சொன்ன பேச்சு கேட்கும். இடது கதவின் அடித்தாழ்ப்பாள் தரையில் மாட்டிக்கொண்டு வராது. மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை ஆட்ட ஆரம்பித்தார்.

டாக்டரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். கேட்டில் தன் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. கிளட்சை விட்டார். வண்டி நேராக மாமாவை நோக்கி நகர்ந்தது. இன்ஜின் சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

"பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் பானட்டைத் தட்டினேன்.

வண்டி குலுங்கி நின்றது. பம்பர் முதுகில் இடித்து மாமா கேட்டோடு ஒட்டிக் கிடந்தார். எழுந்தவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதும் வாய் மட்டும் குறையவில்லை.

"என்னம்மா, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

டாக்டரம்மா ஹேண்ட் பிரேக்கைப் போட்டார்.

"தெரியலன்னுதானே ரெண்டு வாரமா சொல்லிட்டிருக்கேன்."

நான் யாரையும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்து வந்து நாலு நட்டையும் கழற்றினேன். ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் உள்ளே போட்டேன்.

"பழைய சட்டம் பத்திரமா இருக்கு. திரும்பி வந்ததும் பின்கதவுல மாட்டித் தரேன், ஓட்டையும் அடைச்சுடறேன்," என்றேன்.

மாமா முதுகைத் தேய்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

டாக்டரம்மா வண்டியைப் பின்னால் எடுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினார்.

"முதலாளி, முன்ன உட்கார்ந்த மாதிரியே அங்க போய் உட்காருங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

டாக்டரம்மா சீட்டில் நிமிர்ந்து, நிதானமாகப் பார்த்தார்.

"இப்பதான் அங்க ஒரு மனுஷன் இருக்கறது தெரியுது," என்றார். "தள்ளுங்க, மாடு காத்திட்டிருக்கு."