சுண்டு படுத்திருந்த இடம்

அண்ணிக்கு ரத்தக் கொதிப்பு எகிறி வலிப்பு வந்ததும், மாதம் நிறையாத குழந்தையை அவசர அவசரமாக வெளியே எடுத்துவிட்டார்கள். அண்ணி கீழ்த்தளத்தில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தாள். குழந்தை மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

"என்னால முடியல. உள்ள கையை விட்டாலே நடுங்குது. நீ போய்ப் பாரு," என்றான் அண்ணன். மலைப்பாதையில் லாரியைப் பின்னால் எடுக்கும்போதுகூடப் பாட்டுப் பாடுகிறவன்.

தபால் பிரிக்கும் இடத்திலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த தங்கைக்கு நாள் முழுக்க நின்ற கால்கள் கனத்தன. போய்ப் பார்த்தாள். பெண் குழந்தை. பேர் வைக்கவில்லை. சுண்டுவிரல் அளவுக்கு இருக்கிறாள் என்று நர்ஸ் "சுண்டு" என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது.

மூச்சு கொஞ்சம் சீரானதும், யாராவது வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், உடம்புச் சூடு நல்லது என்றார் டாக்டர். அண்ணன் தரையைப் பார்த்தான். "நான் வச்சுக்கறேன்," என்று அவள் வாய் முந்திக்கொண்டது. பயம் அப்புறம்தான் வந்தது.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் சாய்வு நாற்காலி. மூக்கில் குழாயோடு சுண்டு அவள் நெஞ்சில் தவளைக்குஞ்சு போலக் கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். "போட்டோ எடுக்கப் போறாங்கன்னு நெனச்சுட்டு அசையாம இருங்க, அத்தை," என்பாள் நர்ஸ். கழுத்து பிடித்துக்கொள்ளும். இருமல் வந்தாலும் விழுங்கவேண்டும். எப்போது எடுப்பார்கள் என்று சில சமயம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எடுத்துவிட்டால் நெஞ்சு சில்லென்று ஆகிவிடும்.

அண்ணி நினைவு தெளிந்து, பேசத் தொடங்கியிருந்தாள். "எப்படி இருக்கா?" என்று கேட்டால், "நல்லா இருக்கா அண்ணி," என்பதோடு தங்கை நிறுத்திக்கொள்வாள். நெஞ்சில் போட்டுக்கொள்வதைச் சொல்ல நா எழவில்லை. அடுத்தவள் பங்கைத் திருட்டுத்தனமாகத் தின்கிற மாதிரி இருந்தது.

ஒரு காலையில் சுண்டுவின் வயிறு உப்பிக் கறுத்திருந்தது. குடலில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். பெட்டியைச் சுற்றி மெஷின்கள் கூடின. மறுநாள் டாக்டர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

சக்கர நாற்காலியில் அண்ணி வந்தாள். குழாய்களை எடுத்துவிட்டுக் குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தார்கள். நர்ஸ் ஆறுதலாகத்தான் சொன்னாள்: "அத்தை நெஞ்சுலயும் இப்படித்தான் தூங்குவா." அண்ணி தலையைத் திருப்பி நாத்தனாரைப் பார்த்தாள். அண்ணன் முதல்முறையாகக் கையை நீட்டிக் குழந்தையின் முதுகைத் தொட்டான். கை நடுங்கியது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்தபின் அண்ணி யாரிடமும் பேசவில்லை. சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் திரும்பினாள்.

"ஏன் சொல்லல?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"கஷ்டமாத்தான் இருக்கு." பிறகு, "கோவமும் இருக்கு. யார் மேலன்னுதான் தெரியல," என்றாள். "என்ன பண்ணுவா, சொல்லு. ஒண்ணு விடாம."

அவள் சொன்னாள். விக்கல் வந்தால் உடம்பு முழுக்கத் துள்ளுவதை. தூங்கும்போது புருவத்தைச் சுளிப்பதை. கழுத்து வலியில் கடிகாரம் பார்த்ததையும் மறைக்கவில்லை.

"என்மேல வச்சப்போ கனமே தெரியல," என்றாள் அண்ணி. "உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணி. நேரமாக ஆகக் கனத்துப் போவா."

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுகை வெகுநேரம் ஓயவில்லை. நாத்தனாருக்கு அழக்கூடத் தெம்பில்லை. துணிகளை அப்படியே தள்ளிவிட்டு அண்ணியின் கால்மாட்டில் சாய்ந்தாள்.

"நாளைக்கு வேலைக்குப் போகணுமா?"

"போகணும்."

"அப்ப படு. மிச்சத்த நாளைக்கு வந்து சொல்லு."