ரீட்டாவின் கடைசி ரீல்

அந்தக் காலத்து உளவாளிப் படங்களை எடுத்தவர்கள் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கதாநாயகிக்குச் சாந்தி, பார்வதி என்று பெயர் வைத்தீர்கள், சரி. கொள்ளைக்கூட்டத்தில் ஆடுகிறவளுக்கு மட்டும் ஏன் எப்போதும் ரீட்டா, லில்லி, ஸ்டெல்லா? எங்கள் ஞானஸ்நானப் பெயர்கள்தான் கிடைத்தனவா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். சினிமாவுக்கு இளைத்தவள் மாதா கோயிலுக்குப் போகிறவள்.

அந்த ரீட்டாக்களில் ஒருத்தி என் அம்மா. நிஜப் பெயர் ஞானமேரி. கல்யாணத்துக்கு முன்பு, சேலத்தில் எடுத்த சில படங்களில் நடித்திருக்கிறாள். தோளில்லாத கவுன், விரலிடுக்கில் சிகரெட். சாந்தி பூஜையறையில் அழுதுகொண்டிருப்பாள். கார் ஓட்டுவது, பூட்டை உடைப்பது எல்லாம் அம்மாதான். படம் முடிவதற்குள் மனம் திருந்தி, உளவாளிக்கு வரும் குண்டைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போவாள். கெட்டவள் திருந்தினாலும் அவளை உயிரோடு விடக்கூடாது என்பது அவர்கள் சட்டம்.

போன தவக்காலத்தில் அம்மா நிஜமாகவே இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் ஐசியூவுக்குள் யாரையும் விடவில்லை. வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டாளே என்பதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. வீட்டில் இப்போது நான் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் பேச ஆள் கிடையாது. அதனால் டிவியில் யூடியூபைப் போட்டு அம்மாவைப் பார்ப்பேன். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

ஒரு படம் மட்டும் தானாகவே நின்றது. அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறாள், அவ்வளவுதான். கடைசி ரீல் இல்லை. அதைப் போட்டிருந்தவர் பழைய படச்சுருள்களைச் சேர்த்து வைக்கும் திருச்செங்கோட்டுக்காரர், நந்தகுமார் என்று பெயர். மிச்சம் கிடைக்குமா என்று கேட்டு என் நம்பரை அனுப்பியிருந்தேன். போன வாரம் கூப்பிட்டார்.

“ஏனுங்க மெர்லின் அக்கா, நீங்க கேட்ட கடைசி ரீலு கெடச்சிருச்சுங்க. அனுப்பட்டுங்களா?”

“அதுல ரீட்டா செத்துப்போறாளா தம்பி?”

“சாகாம இருப்பாளுங்களா? அந்தக் காலத்துப் படமாச்சுங்களே.” சிரித்தார். “ஏனுங்க, தெரிஞ்சவங்களா?”

“எங்கம்மா.”

“தெரியாம சொல்லிப்போட்டேனுங்க. வேண்டாம்னா உட்டரலாமுங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் மற்ற படங்களில் மற்ற ரீட்டாக்கள் சாவதைப் பார்த்திருக்கிறேன். உளவாளி அவளை மடியில் தாங்கிக்கொள்வான், கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவான். சினிமாவிலாவது அம்மாவின் கையை ஒருவன் பிடித்திருப்பான். அதைப் பார்த்துவிட்டால் எனக்குப் போதும் என்று தோன்றியது.

“அனுப்புங்க தம்பி” என்றேன்.

வந்ததை டிவியில் போட்டேன். துப்பாக்கி வெடித்தது. அம்மா குறுக்கே பாய்ந்து விழுந்தாள். அந்த உளவாளி அவளைத் தாண்டிக் குதித்து, தூணில் கட்டியிருந்த சாந்தியிடம் ஓடினான். கட்டை அவிழ்த்தான், அவள் கண்ணீரைத் துடைத்தான். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், வெறும் வீட்டில். அம்மா திரையின் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தாள்.

நிறுத்துவதற்கு ரிமோட்டை எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. அவள் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்த இளைப்பு இன்னும் அடங்கவில்லை. பிணம் மூச்சு விட்டால் அந்தக் காட்சியை மறுபடி எடுத்திருக்க வேண்டும். செத்த ரீட்டாவை எவன் பார்க்கப்போகிறான் என்று அப்படியே விட்டிருக்கிறார்கள்.

காட்சியின் முன்பக்கத்தில் சாந்தியின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, விரிந்து கிடந்த அம்மாவின் கைமேல் என் கையை வைத்துக்கொண்டேன். அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.