லாரி நிற்கும் பொட்டல்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேல் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார் சங்கையா. கடையை ஒட்டி அவர் பேரில் ஒரு பொட்டல் கிடந்தது. உப்பு லோடு ஏற்றிவரும் லாரிகளை நிறுத்திக்கொள்ள அதை ஒரு லாரி கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எழுபத்திரண்டாம் வருஷம் வருமான வரி ஆபீசர் அவரை விருதுநகருக்குக் கூப்பிட்டு, "இந்த வாடகையை ஏன் காட்டவில்லை?" என்று கேட்டார். சங்கையா பயந்துபோனார்.

"அது என் தங்கச்சிக்குப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டார்.

"அப்படியானால் அவரையே வந்து சொல்லச் சொல்லுங்கள்."

தங்கை முத்துலட்சுமி புருஷன் போனபின் திருச்சுழியில் பலகாரக் கடை போட்டுப் பிழைத்துவந்தாள். பொட்டல் அவளுக்குத்தான் என்று அப்பா சாகும்போது வாயால் சொல்லியிருந்தார். எழுதிவைக்கவில்லை. சங்கையாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போது அவள் கடை வாசலில் போய் நின்றார்.

"ஒரு வார்த்தை சொன்னாப் போதும் முத்து. உனக்கு வரி வராது. வருமானம் அம்புட்டு இல்லைல."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாரேண்ணே" என்றாள்.

விருதுநகரில் ஆபீசரிடம் தடுமாறாமல் சொன்னாள்: "ஆமாங்கய்யா. எனக்குத்தான்."

"சரி, எழுதி வாங்கிக்கொள்கிறோம். அதுவரை வெளியே இருங்கள்."

வராந்தாவுக்கு வந்ததும் சங்கையா பெஞ்சில் உட்கார்ந்தார். "என் மானத்தைக் காப்பாத்திட்டே தாயி" என்றார்.

முத்துலட்சுமி அவர் முகத்தை நேரே பார்த்தாள். "அவுக முன்னால பொய் சொல்லிட்டேண்ணே. அதை நெசமாக்கிருங்க. இனிமே வாடகைய எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க. நகை போட வழியில்லாம எம்மகளுக்கு ரெண்டு வருசமா மாப்பிள்ளை தகையல."

சங்கையா கணக்குப் போட்டார். இது எழுத்தில் ஏறிவிட்டால், வாடகையோடு நில்லாமல் நாளைக்கு இடத்தையும் கேட்பாள். மனைவி தங்கம்மாள் என்ன சொல்வாள், மகன்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் மனதில் ஓடியது. சட்டென்று எழுந்து உள்ளே போனார்.

"ஐயா, வாடகை எனக்குத்தான் வருது. பயந்துபோய் மாத்திச் சொல்லிட்டேன். வரியக் கட்டிர்றேன், அபராதமும் போடுங்க."

ஆபீசர் வாசல் பக்கம் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த முத்துலட்சுமிக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அப்படியானால் இந்த அம்மாவை எதற்குப் பொய் சொல்ல வைத்தீர்கள்?"

சங்கையா வெளியே வந்தபோது அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

"முத்து, நில்லு. நான் கொண்டுபோய் விடுறேன்."

"நான் போயிக்கிறேன். நீங்க வரியக் கட்டிட்டு வாங்க" என்றாள், திரும்பாமல்.

இடம் கைவிட்டுப் போகவில்லை என்று தங்கம்மாள் அன்று நிம்மதியாகச் சோறு போட்டாள். சங்கையா பிசைந்துவிட்டுக் கை கழுவினார். அடுத்த ஆவணியில் முத்துலட்சுமி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமனுக்குச் சொல்லிவிட ஆள் வரவில்லை.